தகவல் குழாய்க்கு ஒரு பூட்டு!



கோடை விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போக, அப்பா செல்போனிலேயே ரயில் டிக்கெட் எடுக்கிறார். சிறிது நேரத்தில் டிக்கெட் வந்துவிடுகிறது. அதற்குள் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா? ரயிலில் இடம் இருக்கிறதா என்று ரயில்வே கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். கணக்கில் பணம் இருக்கிறதா என்று வங்கிக் கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். இரண்டும் பதில் சொன்னால்தான் டிக்கெட்!

இப்படி ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றிடம் தகவல் கேட்டுப் பெறும் வழிதான் 'தகவல் இணைப்பு'.

பெரிய நிறுவனங்களில் விற்பனைக் கணக்கு ஒரு கம்ப்யூட்டரிலும், சரக்கு இருப்பு இன்னொன்றிலும், சம்பளப் பட்டியல் வேறொன்றிலும் இருக்கும். அவற்றை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க உதவுவது 'டேட்டா பிளாட்பாரம்'. உங்கள் ஊர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் குழாய் வழியே தொட்டிக்கு வருகின்றன அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆனால், ஒரு குழாயில் ஓட்டை விழுந்து சாக்கடை நீர் கலந்தாலும் ஊருக்கே நோய் வந்துவிடும். தொட்டியை மட்டும் பூட்டிவைத்துப் பயனில்லை. ஒவ்வொரு குழாயையும் காக்க வேண்டும்.

இதை மறந்ததால் வந்த வினையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் 'டார்கெட்' என்று பெரிய கடை நிறுவனம் ஒன்று உள்ளது. குளிர்சாதன வேலைகளைச் செய்துகொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு, அது தன் கம்ப்யூட்டருடன் இணைப்புக் கொடுத்திருந்தது. எதற்காக? பில் அனுப்பவும், ஒப்பந்த வேலைகளைப் பார்க்கவும்தான்.

2013ஆம் ஆண்டு திருடர்கள் அந்தச் சிறிய நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடினார்கள். அதை வைத்து டார்கெட்டின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தார்கள். பிறகு கடைகளில் பணம் வாங்கும் இயந்திரங்கள் வரை போய், வேவு பார்க்கும் புரோகிராமைப் புகுத்தினார்கள். நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடு போயின! பண்டிகைக்குப் பொருள் வாங்க வந்த சாதாரண மக்களின் அட்டைகள் அவை.

பில் அனுப்பக் கொடுத்த வழியில் வந்தவர்கள் கல்லாப்பெட்டி வரை போனது எப்படி? முக்கியமான பகுதிகளைச் சரியாகத் தனியே பிரித்து வைக்காததுபோல் தெரிகிறது என்று, அமெரிக்க செனட் குழு ஒன்றின் 2014ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. எச்சரிக்கைகள் வந்தும் நிறுவனம் கவனிக்கவில்லை என்றும் அது குறிப்பிட்டது. 2017இல் அமெரிக்க மாநிலங்களுக்கு 1 கோடியே 85 லட்சம் டாலர் தர டார்கெட் ஒப்புக்கொண்டது.

அப்படியானால் ஓர் இணைப்பை எப்படி அமைக்க வேண்டும்? கவனியுங்கள்.

முதலாவது, ஆளுக்கொரு சாவி. விளக்கு ஏற்ற வந்தவருக்குத் தலைமையாசிரியர் முழுச் சாவிக்கொத்தையும் கொடுப்பாரா? விளக்கு உள்ள அறையின் சாவி போதுமே! அதுபோல ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல் தர வேண்டும்.

இரண்டாவது, தேவையான அளவே அனுமதி. படிக்க மட்டும் வேண்டியவருக்கு எழுதவோ அழிக்கவோ உரிமை எதற்கு?

மூன்றாவது, ஒட்டிய உறை. அஞ்சலட்டையை வழியில் யாரும் படிக்கலாம். ஒட்டிய உறைக்குள் இருக்கும் கடிதத்தைப் படிக்க முடியாது. அதனால் தகவலை ரகசியக் குறியீடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். இணைய முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று வருகிறதே, அதன் கடைசி எழுத்து இந்தப் பாதுகாப்பைத்தான் குறிக்கிறது.

நான்காவது, வருகைப் பதிவேடு. யார், எப்போது, எதைக் கேட்டார் என்பதை எழுதிவைத்தால் போதாது; அதைத் தினமும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, வேலை முடிந்ததும் சாவியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். யாரும் பயன்படுத்தாத பழைய இணைப்பு, பூட்டாத கொல்லைக் கதவுக்குச் சமம்!

'இதெல்லாம் என்ஜினீயர்கள் வேலை, நமக்கென்ன?' என்று நினைக்காதீர்கள். வீட்டு செல்போனில் புதிய ஆப் ஒன்றைப் போடும்போது, 'உங்கள் தொலைபேசி எண்களைப் பார்க்கலாமா? புகைப்படங்களைப் பார்க்கலாமா?' என்று கேட்கும். அதுவும் ஒரு தகவல் இணைப்புதான். சரி என்று அழுத்தினால் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். டார்ச் லைட் ஆப்புக்கு அத்தையின் போன் நம்பர் எதற்கு? வெளிச்சம் கொடுக்க அது தேவையே இல்லையே!

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மாவுடன் உட்கார்ந்து செல்போனின் 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். எந்த ஆப் எதையெல்லாம் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தேவையில்லாதவற்றைப் பெரியவர்களிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். எத்தனை கதவுகள் வீணாகத் திறந்து கிடந்தன என்று உங்களுக்கே தெரியும்!