எரியாமல் போகும் வாயு

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் தூவுகிற யூரியா, பூமிக்கு அடியிலிருந்து வரும் எரிவாயுவில் பிறக்கிறது. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனை இன்று நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் பிரித்தெடுக்கின்றன. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை நெடுங்காலம் நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளை நம்பியிருந்தது. 2021 பிப்ரவரி 17 அன்று இராமநாதபுரம் - தூத்துக்குடி எரிவாயுக் குழாய், 143 கிலோமீட்டர் நீளம், நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் கிணறுகளிலிருந்து வாயு தூத்துக்குடி வரை வர வழி பிறந்தது. அதே ஆண்டில் ஸ்பிக்கும் எரிவாயுவுக்கு மாறியது.

இயற்கை எரிவாயுவில் மிகப் பெரும் பங்கு மீத்தேன். கிணற்றடியிலிருந்து ஆலை வாசல் வரை அது எத்தனையோ வால்வுகளையும் இணைப்புகளையும் கம்ப்ரஸர்களையும் தாண்டி வரவேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நழுவ வாய்ப்பு உண்டு. அப்படி நழுவினால் போவது உரமாகவோ மின்சாரமாகவோ ஆகியிருக்க வேண்டிய சரக்கு. கேடு அதோடு முடிவதில்லை. காற்றில் கலந்த ஒரு டன் மீத்தேன், அடுத்த 20 ஆண்டுகளில் ஒரு டன் கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் ஏறத்தாழ 30 மடங்கு. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் நூறு கோடிக்கு 700 சொச்சம் பங்காக இருந்த மீத்தேன், இப்போது 1,900-ஐத் தாண்டிவிட்டது.

இதிலேயே ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. மீத்தேன் காற்றில் தங்குவது சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். ஆகவே இன்று மீத்தேன் கசிவை அடைத்தால் அதன் பலனை நாமே, நம் ஆயுளிலேயே பார்க்கலாம். பருவநிலைச் சிக்கலில் இவ்வளவு விரைவாகப் பலன் தரும் வேலை வேறு அதிகம் இல்லை.

காவிரி டெல்டாவிலும் இராமநாதபுரத்திலும் கிணற்றருகே உயரமான குழாயின் உச்சியில் எரியும் தீயைப் பார்த்து மக்கள் அஞ்சுவது உண்டு. அந்த அச்சம் நியாயமானது. வயல் நடுவே இரவும் பகலும் தீ எரிந்தால் யாருக்குத்தான் நிம்மதி இருக்கும்? ஆனால் காற்று மண்டலத்தின் கணக்கு வேறு. ஒரு டன் மீத்தேனை எரித்தால் 2.75 டன் கரியமில வாயு வரும். எரிக்காமல் விட்டால், 20 ஆண்டுக் கணக்கில், 80 டன்னுக்கும் மேலான கரியமில வாயு விட்டதற்குச் சமம். எரிகிற தீயைவிட அணைந்துபோன தீ பல மடங்கு கெடுதல். அமெரிக்க எண்ணெய் வயல்களின் மேலே விமானத்தில் பறந்து அளந்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. இத்தகைய தீக்கம்பங்கள் 98 சதவீத மீத்தேனை எரித்துவிடுவதாக அதுவரை கணக்கெழுதி வந்தார்கள். அளந்து பார்த்தபோது 91 சதவீதம்தான் எரிந்தது. சில கம்பங்களில் தீயே இல்லை. வாயு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

காவிரி டெல்டாவின் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. ஊரே திரண்டது, தமிழ்நாடு முழுவதும் அது பேச்சானது. எண்ணெய்க்குக் கறுப்பு நிறமும் நாற்றமும் உண்டு. மீத்தேனுக்கு இரண்டும் கிடையாது. வீட்டு சிலிண்டரில் நாம் உணரும் அந்த நெடி, கசிவு தெரியட்டும் என்று தனியாகச் சேர்க்கும் மெர்காப்டனின் நெடி. கிணற்றிலிருந்து நேராக வரும் வாயுவில் அது இருக்காது. அதனால் பக்கத்து வயலில் களை எடுப்பவருக்கும் தெரியாது. பல நேரம் நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கும் தெரியாது. புகார் கொடுக்க ஆளில்லாத கசிவு இது.

எங்கேயெல்லாம் கசிகிறது? முதல் இடம் கம்ப்ரஸர். பிஸ்டன் வகைக் கம்ப்ரஸரில் உருளைக்குள் முன்னும் பின்னும் ஓடும் தண்டைச் சுற்றிப் பேக்கிங் வளையங்கள் இருக்கும். வாயு வெளியே வராமல் தடுப்பது அவைதான். புதிதாக, சரியாகப் பொருத்திய பேக்கிங் வழியாகவே மணிக்கு 12 கன அடி அளவில் கசியும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. தேய்ந்துபோனால் அதுவே 900 கன அடி வரை போகலாம். 26,000 மணி நேரம் ஓடியதும், அதாவது சுமார் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, வளையத்தை மாற்று என்பது பரிந்துரை. சுழலும் வகைக் கம்ப்ரஸரில் வேறு கதை. பழைய அமைப்பில் எண்ணெயைக் கொண்டு வாயுவை அடைத்தார்கள். எண்ணெய் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எண்ணெயைச் சுத்தப்படுத்தும்போது அந்த வாயுவைக் காற்றில் விடுவார்கள். எண்ணெய் தேவைப்படாத உலர் சீல் வந்த பிறகு இந்தக் கசிவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது இடத்தில், பழுது எதுவும் இல்லாமலே வாயு போகிறது. மின்சாரம் எட்டாத கிணற்றடியில் வால்வைத் திறந்து மூட வாயுவின் அழுத்தத்தையே பயன்படுத்தும் கருவிகள் உண்டு. ஒவ்வொரு முறை இயங்கும்போதும் கொஞ்சம் மீத்தேனை வெளியே விடுவது அவற்றின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. வாயுவுக்குப் பதில் அழுத்தக் காற்று, அல்லது சூரிய மின்தகடும் சிறு மோட்டாரும் வைத்தால் இது அடியோடு நிற்கும். இராமநாதபுரத்து வெயிலில் இதற்கு என்ன தடை இருக்க முடியும்?

மூன்றாவது, கச்சா எண்ணெய்த் தொட்டி. அழுத்தம் குறையும்போது எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்து, தொட்டியின் மேல்மூடி வழியாக வெளியேறும். அதை உறிஞ்சி மீண்டும் குழாய்க்கே அனுப்பும் மீட்புக் கருவி பல ஆண்டுகளாகவே சந்தையில் இருக்கிறது. வீணாகும் வாயுவில் 95 சதவீதம் வரை அது பிடித்துவிடும்.

கண்டுபிடிப்பதும் கைக்கு எட்டாத வித்தை அல்ல. சிலிண்டர் மாட்டுகிறவர் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாரே, அதே முறை எரிவாயு நிலையத்திலும் சிறு இணைப்புகளுக்கு உதவும். நூற்றுக்கணக்கான இணைப்புகள் இருக்கும் இடத்தில் அகச்சிவப்புக் கேமரா வேண்டும். மீத்தேன் 3.3 மைக்ரான் அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது. அந்த அலைநீளத்தை மட்டும் பார்க்கும் கேமராவில், வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லாத வால்விலிருந்து புகை எழுவது போலத் தெரியும். பெரிய கசிவுகளை இப்போது செயற்கைக்கோள்களே பார்க்கின்றன. 2017-இல் ஐரோப்பா ஏவிய சென்டினல்-5பி அவற்றில் முக்கியமானது.

ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் ஒன்று இருக்கிறது. எல்லா வால்வும் ஒரே அளவில் கசிவதில்லை. ஏறக்குறைய 5 சதவீதக் கசிவுகளிலிருந்தே மொத்த மீத்தேனில் பாதி போகிறது. அந்தச் சிலவற்றைத் தேடிப்பிடித்துச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் இன்று ஒழுங்காக இருக்கும் வால்வு அடுத்த மாதம் பெருங்கசிவாக மாறலாம். அதனால் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவது பயன் தராது. திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும். ஏட்டில் எழுதும் சராசரிக் கணக்கு இங்கே ஏமாற்றிவிடும். அமெரிக்காவில் 2018-இல் வெளியான பெரும் ஆய்வு, உற்பத்தியில் 2.3 சதவீதம் கசிவதாகக் கண்டது. அரசின் கணக்கைவிட அது 60 சதவீதம் அதிகம். அங்கேயே இப்படியென்றால், அளக்காத இடங்களின் கணக்கை நாம் எப்படி நம்புவது?

இந்தியாவுக்கு இது புதிய செய்தியும் அல்ல. ஓ.என்.ஜி.சி. 2007-லேயே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையோடு சேர்ந்து தன் நிலையங்களில் மீத்தேன் கசிவைத் தேடத் தொடங்கியது. 2023 டிசம்பரில் துபாய் பருவநிலை மாநாட்டில் வெளியான எண்ணெய் நிறுவனங்களின் சாசனத்திலும் அது கையெழுத்திட்டிருக்கிறது. 2030-க்குள் உற்பத்திப் பகுதியில் மீத்தேன் கசிவைப் பூஜ்யத்தை ஒட்டிக் கொண்டுவருவதாக அதில் உறுதி இருக்கிறது.

2021-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. நம் மீத்தேனில் பெரும்பகுதி மாட்டிலிருந்தும் நெல்வயலிலிருந்தும் வருகிறது. சிறு விவசாயியின் பிழைப்பில் கைவைக்க முடியாது என்பது அரசின் நிலை. அந்த நிலை சரியென்றே நான் நினைக்கிறேன். அதனாலேயே வால்விலும் கம்ப்ரஸரிலும் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவரிடம் மீத்தேனைக் குறை என்று சொல்வது கொடுமை. பேக்கிங் வளையத்தை மாற்று என்று ஒரு பொதுத்துறை நிறுவனத்திடம் சொல்வதில் யாருக்கும் நட்டமில்லை. எண்ணெய், எரிவாயுத் துறையின் மீத்தேனில் கணிசமான பகுதியை நிகரச் செலவே இல்லாமல் நிறுத்தலாம். மிச்சமாகும் வாயுவை விற்ற பணமே செலவை ஈடுகட்டிவிடும் என்று சர்வதேச எரிசக்தி முகமை ஆண்டுதோறும் சொல்லிவருகிறது.

நம் நாட்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கசிவைத் தேடிச் சரிசெய்யும் திட்டம் 2008-லேயே விதியாகிவிட்டது. அதைக் கிணற்றடிக்கும் குழாய்வழி நிலையங்களுக்கும், மீத்தேனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, விரிவாக்க வேண்டும். குத்தாலம், நரிமணம், இராமநாதபுரம் என ஒவ்வொரு நிலையத்திலும் எந்தத் தேதியில் கேமரா வைத்துப் பார்த்தார்கள், எத்தனை கசிவு கண்டார்கள், எத்தனை நாளில் அடைத்தார்கள் என்ற பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் தமிழில் போட வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நிலையம் இருந்தால், அடுத்த கிராமசபையில் தீயைப் பற்றிக் கேட்கும்போது, எரியாமல் போகும் வாயுவின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.