வீட்டுக்கு விலை கேட்பதற்கு முன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்று எம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டிய வீடொன்றை விலை கொடுத்து வாங்குவது பற்றி அவர்கள் பேசவில்லை. முதுசக் காணியிலோ சீதனக் காணியிலோ வீடு எழுப்பிய காலம் அது. போர் அந்த ஒழுங்கைக் குலைத்தது. கொழும்புக்கு இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் பிற இடங்களிலும் வாழ நேர்ந்த முஸ்லிம் குடும்பங்களும் முன்பின் அறியாதவரிடம் வீடு வாங்க வேண்டியவர்களாயினர். ஆயினும் வீட்டுக்கு எவ்வளவு விலை கேட்பது என்ற கணக்கை நாம் இன்னும் சரிவரக் கற்றுக்கொள்ளவில்லை என்றே கூற வேண்டும்.

விற்பவர் ஒரு விலை சொல்கிறார். வாங்குபவர் அதில் ஐந்தோ பத்தோ இலட்சத்தைக் குறைத்துக் கேட்கிறார். இருவருக்கும் நடுவே தரகர் ஓர் இணக்கத்தை ஏற்படுத்துகிறார். பெரும்பாலான வியாபாரங்கள் இவ்வாறே முடிகின்றன. இங்கே உள்ள தவறு, விற்பவர் சொன்ன விலையிலிருந்து கணக்கைத் தொடங்குவதாகும். அது அவரது எதிர்பார்ப்பு மட்டுமே. வீட்டின் பெறுமதி அன்று.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஒரு பரப்பு, அதாவது 10 பேர்ச் காணியில் 1,000 சதுர அடி கொண்ட இருபது வருடப் பழைய வீடு ஒன்றுக்கு 160 இலட்சம் ரூபா சொல்லப்படுகிறது. அயலில் அண்மையில் விற்பனையான காணிகள் பேர்ச் 8 இலட்சத்துக்குப் போயிருப்பின் காணியின் பெறுமதி 80 இலட்சம். அத்தகைய வீட்டை இன்று புதிதாகக் கட்ட 90 இலட்சம் தேவைப்படுமெனில், பழைமைக்காக மூன்றிலொரு பங்கைக் கழிக்க 60 இலட்சம் வரும். ஆக 140 இலட்சம். கூரையையும் மின்னிணைப்பையும் திருத்த 10 இலட்சம் வேண்டுமெனில் வீட்டின் பெறுமதி 130 இலட்சமாகும்.

இது பாதிக் கணக்குத்தான். மற்றப் பாதி எம்முடைய பணப்பையைப் பற்றியது. கையிருப்பு 85 இலட்சம், பெறக்கூடிய கடன் 50 இலட்சம், மொத்தம் 135 இலட்சம் என்போம். ஆதனக் கைமாற்றத்துக்கான முத்திரை வரி பொதுவாக முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் ஆகும். நொத்தாரிசு, நில அளவையாளர் கட்டணங்களையும் சேர்த்து 7 இலட்சம் போகும். திருத்த வேலைக்கு 10 இலட்சம். எஞ்சுவது 118 இலட்சம். வீட்டின் பெறுமதி 130 ஆனாலும் எமது உச்ச வரம்பு 118 தான். இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. உரிமையாளரைச் சந்திக்கப் போகுமுன் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் கேட்பது அதற்குச் சற்றுக் கீழே, காரணத்தோடு கேட்கப்படும் விலையாக இருக்கட்டும். அவர் இறங்கி வராவிடின் நன்றி கூறி எழுந்து வருவதில் வெட்கம் ஏதுமில்லை.

கடனைக் கணிப்பதிலும் எச்சரிக்கை தேவை. 50 இலட்சம் ரூபாவை 20 வருடத்தில் தீர்ப்பதாயின் 12 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 55,000 ரூபா. 16 சதவீதமானால் அதுவே 69,500 ஐத் தாண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதை, மாறும் வட்டியில் கடன் பெற்றிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வட்டியைத் தவிர்த்துப் பங்குடைமை முறையில் நிதி பெறும் முஸ்லிம் வாசகர்களும் மாதக் கொடுப்பனவு மாறக்கூடியதா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வது நன்று.

விலையால் ஈடுசெய்ய முடியாத குறைகளும் உண்டு. உறுதியில் சிக்கலுள்ள வீடு மலிவாகக் கிடைப்பதாகச் சொல்லப்பட்டால் அது மலிவு அன்று. காணிப் பதிவகத்தில் முன்னைய கைமாற்றங்களையும் ஈடுகளையும் தேடிப் பார்க்காமல் எந்த விலையும் கேட்கலாகாது. வடக்கில் பிரிக்கப்படாத பங்குக் காணியாயின், தேசவழமைப்படி சக பங்காளிக்கு முன்வாங்கல் உரிமை உண்டு. முறைப்படி அவருக்கு அறிவிக்காமல் வாங்கினால் வழக்கு வாசலில் நிற்க நேரிடும். காணி விற்பனை பற்றிய வாய்மொழி உடன்பாட்டுக்கு 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வலுவில்லை. நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதாமல் முற்பணம் கொடுப்பது அறியாமையாகும்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கத்தையும் இங்கே சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. 2018 ஏப்ரல் முதல் மூலதன ஆதாய வரி நடைமுறையில் இருப்பதால் விற்பவருக்கு இதில் ஆதாயம் உண்டு. வாங்குபவர் முத்திரை வரியில் சிறிது மிச்சம் பிடித்ததாக மகிழ்கிறார். நாளை அவரே வீட்டை விற்கும்போது, உறுதியிலுள்ள குறைந்த விலையே அவரது கொள்விலையாகக் கொள்ளப்படும். உரித்தில் பிழை கண்டு பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வந்தால், கொடுத்த முழுத் தொகைக்கும் சான்று இராது. சட்டத்துக்கு மாறான இந்தச் செயலில் நட்டமடைபவர் ஈற்றில் வாங்குபவரே.

இறுதியாக ஒன்று. இடம்பெயர்ந்த காலத்தில் எம்மவரின் வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பது தமிழருக்கும் தெரியும், முஸ்லிம்களுக்கும் தெரியும். மருத்துவச் செலவுக்கோ மகளின் திருமணத்துக்கோ அவசரமாக விற்பவரிடம் அவரது முடையை அறிந்து அடிமாட்டு விலை கேட்பது கெட்டித்தனமன்று. ஒருவர் பேசி முடிக்கவுள்ள வியாபாரத்தில் மற்றவர் விலையேற்றிக் குறுக்கிடுவதை இஸ்லாம் தடுக்கிறது. இந்நெறி எல்லோருக்கும் பொருந்தும். பெறுமதியைக் கணக்கிட்டு, தன் வரம்பை அறிந்து, காரணம் சொல்லி விலை கேட்பவர் தாமும் ஏமாறார், பிறரையும் ஏமாற்றார். அவ்வாறு வாங்கிய வீட்டில்தான் நிம்மதியாக உறங்க முடியும்.