நீதிமன்றத்திலிருந்து ஒரு தாள்

மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, என் ஆய்வுப் பொருளாகிய படிகங்களைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்த ஒரு நிகழ்ச்சி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. படிகங்கள் காத்திருக்கும்; அவற்றுக்கு வாய்தா கிடையாது.

உங்களுள் பலருக்குத் தேஹு ரோடு என்பது லோனாவாலா மின்ரயில் நின்று செல்லும் ஒரு நிலையம். துக்காராம் பிறந்த தேஹு கிராமத்திற்குச் செல்வோர் இறங்குமிடம் என்றும் சிலர் அறிந்திருக்கலாம். எங்களுக்கோ அதுவே ஊர். இராணுவக் கிடங்குகளைச் சுற்றி எழுந்த ஊர் அது; கன்டோன்மென்ட் ஆட்சியில் உள்ளது. பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. நான் ஒன்பதாவது வயதில் குடியாத்தத்திலிருந்து வந்தவன். எங்கள் தெருவில் வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் இந்தி, அலுவலகத்தில் மராட்டி, மருத்துவர் சீட்டில் ஆங்கிலம். நான்கு மொழிகளுக்கு நடுவே வாழ்கிறோம் என்று பெருமை கொள்ளலாம். கையில் ஒரு நீதிமன்றத் தாள் வந்து சேரும்வரை அந்தப் பெருமைக்குக் குறைவில்லை.

எங்கள் அடுத்த வீட்டு அத்தையின் கணவர், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடப்பட்டது. வழக்கறிஞரை அத்தை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். இடையில் நின்ற ஒருவர், ‘தேதி’ கேட்டு வந்து சொல்வதற்காக ஒவ்வொரு முறையும் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். தை மாதத்தில் அந்த ஐந்நூறு இல்லாமல், என் அம்மாவிடம் கைமாற்றுக் கேட்க வந்தார். அம்மா பணத்தைக் கொடுக்குமுன், “இவன் காலேஜிலே படிக்கிறானே, அந்தக் காகிதத்தை இவன்கிட்டக் காட்டேன்” என்றார்.

பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கட்டுத் தாள் வெளியே வந்தது. “தம்பி, இதுலே என்னா எழுதியிருக்குதுன்னு பாரு. எனக்கு அவரு பேரு மட்டுந்தான் அடையாளம் தெரியுது.”

பெரும்பகுதி மராட்டி. எனக்கு மராட்டி எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். சட்ட மராட்டி வராது. ஆனால் ஒரு தாளின் மூலையில் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீண்ட எண் இருந்தது. அதுதான் இக்கட்டுரையின் முதற்பொருள்.

இந்திய நீதிமன்றங்களைக் கணிப்பொறி வழியே இணைக்கும் ‘இ-கோர்ட்ஸ்’ திட்டம் 2007-இல் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2015-இல் வந்தது. 2023-இல் மூன்றாம் கட்டத்திற்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை இசைந்தது. இத்திட்டத்தில் மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றின் கீழுள்ள நீதிமன்றங்களிலும் ஒவ்வொரு வழக்கிற்கும் சி.என்.ஆர். எண் என்ற 16 இடங்கள் கொண்ட ஓர் அடையாளம் தரப்படுகிறது. முதல் இரண்டு எழுத்துகள் மாநிலம்; அடுத்த இரண்டு மாவட்டம். நம் புனே வழக்கு ‘எம்.எச்.பி.யு.’ என்று தொடங்கும். பிறகு எந்த நீதிமன்றம் என்பதற்கு இரண்டு இலக்கம், வழக்கின் வரிசைக்கு ஆறு, ஆண்டிற்கு நான்கு.

வேதியியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. ஒரே சேர்மத்தை ஊருக்கொரு பெயரிட்டு அழைப்பார்கள். பதிவு எண் ஒன்றைச் சொன்னால் உலகெங்கும் அதே சேர்மம்தான். வழக்கும் அப்படியே. பெயரைக் கொண்டு தேடிப் பாருங்கள்; தமிழ்ப் பெயர் வேற்றுமொழி எழுத்தர் கையில் படும் பாடு தெரியும். அத்தையின் கணவர் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அது ஒரு தாளில் லகரமாகவும், மற்றொன்றில் ஜகரமாகவும், மூன்றாவதில் காணாமலும் போயிருந்தது. பெயரால் மூன்று முறை தேடினேன். அப்படி ஒருவரே இல்லை என்றது கைப்பேசி. எண்ணைத் தட்டியவுடன் வழக்கு வந்து நின்றது. கட்டணம் இல்லை; கடவுச்சொல் இல்லை; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஐந்நூறு ரூபாய்க்கு விற்கப்பட்ட செய்தி அரசின் தளத்தில் இலவசமாகக் கிடந்தது.

ஆனால் அங்கே அடுத்த தேதி இல்லை. வழக்கு முடிந்துவிட்டது என்றும், அதன் கீழ் ஆங்கிலத்தில் ‘டிஸ்மிஸ்ட் இன் டிஃபால்ட்’ என்றும் இருந்தது. எனக்குத் தெரிந்த ‘டிஃபால்ட்’ கணிப்பொறியில் உள்ளது. ஐயத்தைப் போக்க, கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தேன். ‘இயல்புநிலையில் நிராகரிக்கப்பட்டது’ என்றது அது. அத்தையிடம் அப்படியே படித்தேன். “இயல்பாத்தானே இருக்குது, அப்புறம் ஏன் நிராகரிச்சாங்க?” என்று கேட்டார். சட்டம் பயிலும் நண்பரொருவரைக் கேட்ட பிறகுதான் விளங்கிற்று: விசாரணை நாளில் வழக்குத் தொடுத்தவர் தரப்பில் எவரும் வராததால் வழக்குத் தள்ளப்பட்டது என்பதே பொருள். தள்ளப்பட்டது முந்தைய ஆனி மாதத்தில். அதன் பின்னரும் மூன்று முறை ‘தேதி’ விற்கப்பட்டிருக்கிறது!

இங்கே சற்று நின்று பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவும் நம் புனேயைத் தொட்டதே. மகாராட்டிர அரசுக்கும் ஹோஸ்கோட் என்பவருக்கும் நடந்த வழக்கில் 1978-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது 1973-இல். தீர்ப்பின் நகலை அந்நீதிமன்றம் எரவாடா மத்திய சிறையின் கண்காணிப்பாளருக்கு அனுப்பிவிட்டது. கைதியோ, தமக்கு அது வந்து சேரவில்லை என்றார். பெற்றுக்கொண்டதற்கு அவருடைய கையெழுத்து எங்கும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்புதான் அவர் மேல்முறையீட்டுக்கு வந்தார். அவருடைய மனு தள்ளுபடி ஆயிற்று. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அவ்வழக்கிலேயே ஒரு விதியை நிலைநாட்டினார். சிறைப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகல் விலையின்றி, காலத்தில் சேர வேண்டும்; வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்கு அரசு உதவ வேண்டும். ஒரு தாள் நீதிமன்றத்திலிருந்து புறப்பட்டால் போதாது, உரியவர் கையில் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

விதி பிறந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்ற பின், 2021 ஜூலையில் ஆக்ரா மத்திய சிறையில் 13 பேர் பிணை கிடைத்தும் வெளியேற முடியாமல் இருந்தனர். உச்சநீதிமன்ற ஆணையின் நகல் இன்னும் வந்து சேரவில்லை என்பதே காரணம். கைக்குள் அடங்கும் கருவியில் உலகச் செய்தி நொடியில் வருகிறது. விடுதலை ஆணைக்கு மட்டும் தபால் வண்டி! உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை விசாரித்தது. 2022 மார்ச் 31 அன்று ‘ஃபாஸ்டர்’ என்ற மின்வழி ஏற்பாடு தொடங்கப்பெற்றது. ஆணையின் நகல் மின்கையொப்பத்துடன், பாதுகாக்கப்பட்ட வழியில், நேரே சிறைக்குச் செல்கிறது. இதில் பெரிய விஞ்ஞானப் புதுமை ஒன்றுமில்லை; மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளக் கூடியது. செய்ய வேண்டும் என்று தோன்றியதே புதுமை.

ஆக, தாள் வந்து சேர்வதற்குக் கருவி கிடைத்துவிட்டது. வந்து சேர்ந்த தாளைப் படிப்பது யார்? தேஹு ரோட்டில் நின்று பார்க்கும்போது இதுவே பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது. உச்சநீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். இம்மாநிலத்துக் கீழ்நீதிமன்றங்களின் மொழி மராட்டி. மராட்டியர் நாட்டில் மராட்டியில் நீதி நடப்பது முறைதான். நம் ஊரில் தமிழில் நடக்க வேண்டும் என்று கேட்கும் நாம் அதைக் குறை கூற முடியாது. உச்சநீதிமன்றம் 2019-இல் ‘சுவாஸ்’ என்ற மொழிபெயர்ப்புப் பொறியை வெளியிட்டது. தீர்ப்புகளை இந்திய மொழிகளில் தரும் முயற்சியின் முதற்பட்டியலில் அவ்வாண்டு தமிழ் இல்லை. குரல் எழுந்த பின் சேர்க்கப்பட்டது. அங்கும் பொறி மொழிபெயர்த்ததை மனிதர் திருத்திய பின்னரே வெளியிடுகின்றனர். காரணம் எளிது. இத்தகைய பொறி, ஒரு சொல்லுக்கு மிகுதியாக வழங்கும் பொருளைத் தான் பயின்ற எழுத்துகளிலிருந்து கற்றுக்கொள்கிறது. ‘டிஃபால்ட்’ என்ற சொல் நீதிமன்றத்தில் வருவதைக் காட்டிலும் கணிப்பொறி பற்றிய எழுத்தில் பன்மடங்கு மிகுதியாக வருவது. அத்தையின் வழக்கில் பொறி அறிவின்மையால் தவறவில்லை. பெரும்பான்மையைப் பின்பற்றித் தவறியது. எங்களைப் போன்ற சிறுபான்மையர்க்கு இது பழகிய அனுபவம்.

சட்ட உதவி பெறும் உரிமை குறித்து நானே அண்மையில்தான் அறிந்தேன். விலையற்ற சட்ட உதவியை அரசியலமைப்பில் 39-ஏ பிரிவு 1976-இல் சேர்த்தது. அதனைச் செயற்படுத்த 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995-இல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் முதலியோர்க்கு வருமானம் எவ்வளவு என்று கேளாமலே வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். அத்தை பெண் என்பதொன்றே போதுமானதாக இருந்தது. ஆறு ஆண்டுகளாக எவரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. 15100 என்ற எண்ணில் தொலைபேசியில் கேட்கலாம். 2017-இல் தொடங்கிய ‘டெலி-லா’ திட்டத்தில், கிராமத்துப் பொதுச் சேவை மையத்தில் அமர்ந்து வழக்கறிஞரிடம் தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ ஆலோசனை பெறலாம். இரண்டரை இலட்சம் கிராமப் பஞ்சாயத்துகள் வரை அது விரிந்துள்ளது. இங்கே ஒரு வேடிக்கை: பஞ்சாயத்துக் கணக்கில் வகுத்த திட்டம் இது, கன்டோன்மென்ட் எந்தப் பஞ்சாயத்திலும் சேராது! நல்லவேளையாக 2021 முதல் கைப்பேசிச் செயலி வழியாகவும் அதை அணுகலாம்.

நாங்கள் தொலைபேசியை நம்பாமல் ரயில் ஏறி, சிவாஜிநகர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் அலுவலகத்திற்கே சென்றோம். அங்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் அம்மையார் பொறுமைசாலி. மராட்டியும் இந்தியும் பேசினார். இவ்வாறு தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க 30 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டுமாம். அது கடந்துவிட்டதால், தாமதத்திற்குக் காரணம் காட்டி மன்னிக்கக் கோரும் மனு ஒன்றும் வேண்டும். அதற்கு அவர் கேட்ட கேள்விகளுள் முக்கியமானது ஒன்றே: வழக்குத் தள்ளுபடியானது உங்களுக்கு எந்த நாளில் தெரிந்தது?

அத்தை தமிழில் சொன்னார்: “பொங்கல் கழிஞ்சு, கரிநாளுக்கு மறுநாள். தம்பிதான் போன்லே பாத்துச் சொல்லுச்சு.” நான் அதை இந்தியில் சொல்லத் தொடங்கித் திகைத்துப் போனேன். கரிநாளை இந்தியில் என்னவென்பது? பொங்கலைச் சங்கராந்தி என்று மாற்றி, நாட்களைக் கூட்டி, ஆங்கிலத் தேதியாக்கிச் சொன்னேன். அம்மையார் அதைக் குறித்துக்கொண்டு, “உறுதியா? ஒரு நாள் பிழைத்தாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்” என்றார். கைப்பேசியில் அன்று நான் எடுத்த படத்தின் தேதியைப் பார்த்து உறுதி சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ அளவுகளைக் குறித்திருக்கிறேன். ஓர் அளவு பிழைத்தால் ஒரு குடும்பத்தின் சோறு போகும் என்ற அச்சம் எனக்கு அன்றுதான் வந்தது.

நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நம்மில் சட்டம் பயில்வோர் சிலர்; மராட்டி நன்கறிந்தோர் பலர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேஹு ரோட்டில் ஒரு மேசை போட்டு அமர்ந்தால், பிளாஸ்டிக் பைகள் தாமாகவே வரும். சட்ட ஆலோசனை சொல்ல வேண்டாம். அது நமக்குத் தகுதியும் அன்று. எண்ணைக் கண்டுபிடித்துத் தருவதும், தாளில் உள்ளதைத் தமிழில் சொல்வதும், சிவாஜிநகருக்கு உடன் செல்வதும் நம்மால் இயலும். முதல் ஞாயிறுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மேசையும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு கால் மட்டும் சற்று ஆடும்.

அத்தையின் மனு கோப்பில் ஏறிவிட்டது. எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சென்றிருக்கிறது. முடிவு இன்னும் ஆகவில்லை. அடுத்த தேதி ஆவணியில். பதினாறு இடங்களையும் அவர் தம் வீட்டுத் தினசரிக் காலண்டரின் அட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்: எம், எச், பி, யு என்று தொடங்கி. வாரத்திற்கு ஒருமுறை அந்தக் காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவர் படிக்கப் படிக்க நான் தட்டுகிறேன்.