2,36,966 வண்டிகளும் ஒரு காயிலும்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாடு ஊரடங்கில் கிடந்தபோது, ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2,36,966 பைக்குகளைச் சோதனைக்குக் கூப்பிட்டது. மீட்டியோர், கிளாசிக், புல்லட் 350 மாடல்கள். இந்தியாவில் விற்றவை மட்டுமல்ல. தாய்லாந்து, மலேசியா, ஆஸ்திரேலியா வரை போனவையும் அதில் அடக்கம். திருவொற்றியூருக்கு இது சொந்த ஊர்ச் செய்தி. 1950களில் இந்திய புல்லட் பிறந்தது அங்கேதான்.

கோளாறு இக்னிஷன் காயிலில். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்பும் சின்னப் பொருள் அது. வெளியே வாங்கிய சில தொகுதிகளில் குறை இருந்தது. வண்டி திக்கித் திணறலாம், இழுவை குறையலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம். காயில் மாற்ற வேண்டியவை 10 சதவீதத்துக்கும் குறைவு என்றே நிறுவனம் கணித்தது. ஆனால் அவை எவை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாதே! அதனால்தான் அத்தனை பேருக்கும் அழைப்பு.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று. 26,300 கிளாசிக் 350 வண்டிகளில், பின் பிரேக்கின் விசையைத் தாங்கும் பிராக்கெட் சேதமாகலாம் என்று தெரியவந்தது. பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால்தான் ஆபத்து. கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவருக்கு அப்படி மிதிப்பது அன்றாட வேலை.

காயிலையும் பிராக்கெட்டையும் கழற்றிக் கையில் காட்டலாம். மென்பொருள் கோளாறை அப்படிக் காட்ட வழியில்லை. 2023 ஜூனில் கியா, 30,297 கேரன்ஸ் கார்களைக் கூப்பிட்டது. ஸ்பீடு காட்டும் டிஜிட்டல் பலகை திடீரென்று இருண்டுபோகக்கூடும் என்பது காரணம். எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. சர்வீஸ் சென்டரில் புது மென்பொருள் ஏற்றி அனுப்பினார்கள். கார் நன்றாகத்தானே ஓடுகிறது, அப்டேட் எதற்கு என்று தள்ளிப்போடுவது இங்கேதான் அதிகம் நடக்கும்.

2012 முதல், இப்படி வண்டிகளைத் திரும்பக் கூப்பிடுவது நிறுவனங்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட நெறிமுறையாக இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் கடுமையாயின: அரசே உத்தரவிடலாம், அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகலாம். தயாரித்து ஏழு ஆண்டுக்குள் இருக்கும் வண்டிகளுக்கு இது பொருந்தும்.

சட்டம் சரி, ஓட்டை வேறிடத்தில். ஷோரூம் கையில் இருப்பது முதலில் வாங்கியவரின் போன் நம்பர். வண்டியோ அதற்குள் இரண்டு கை மாறியிருக்கும், ஆர்.சி.யில் பெயர்கூட மாறியிருக்காது. பழுதுள்ள காயிலோடு வண்டி ஓட்டுகிறவருக்கு அழைப்பே வராது. தெருமுனை மெக்கானிக்கிடம் மட்டுமே வண்டியை விடுகிறவருக்கும் விஷயம் எட்டாது.

ஆகவே பழைய வண்டி வாங்குகிறவர் டயரையும் செயினையும் தட்டிப் பார்ப்பதற்கு முன், ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொள்வது நல்லது. நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ அதைக் கொடுத்தால், வேலை பாக்கி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். இருந்தால் இலவசமாகவே செய்து தர வேண்டும். முடிந்ததும் ஜாப் கார்டில், மென்பொருள் ஏற்றியதையும் சேர்த்து, எழுதி வாங்கிக்கொள்ளலாம். வண்டியை விற்கும்போது அடுத்தவர் கேட்பார்.