அடுத்த வண்டி எப்போது?

மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கியதும் ஊரிலிருந்து வரும் தம்பி மகன் போனில் கேட்கிறான்: “பெரியப்பா, தாம்பரத்துக்கு கார் புக் பண்ணிடட்டுமா?” பத்து கிலோமீட்டருக்குள்தான், அரை மணியில் வந்துவிடலாம் என்று நாமும் சொல்லிவிடுகிறோம். ஆனால் மாலை ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் கிலோமீட்டர் கணக்கு எடுபடாது. விமான நிலைய வாசலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. சுரங்கப்பாதை வழியே நடந்தால் எட்டிவிடலாம். மின்சார ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் வந்தவரிடம் சொல்வதில்லை.

புது ஊருக்கு வருகிறவருக்கு எந்த வண்டி வேகமானது என்பதைவிட, எந்த வண்டி எப்போது வரும் என்பது முக்கியம். இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஒரு நிறுத்தத்துக்கு மணிக்கு 6 பேருந்துகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், ஏதோ ஒரு நேரத்தில் அங்கு வந்து நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே 6 பேருந்துகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தால் இடைவெளி 20 நிமிடமாகிறது. காத்திருப்பு 10 நிமிடம். மூன்று மூன்றாக வந்தால் 15 நிமிடம். பேருந்தின் எண்ணிக்கையும் டீசல் செலவும் மாறவில்லை. பயணியின் நேரம் மட்டும் மூன்று மடங்கு போய்விட்டது.

பேருந்துகள் ஏன் சேர்ந்து வருகின்றன? தாம்பரத்திலிருந்து பாரிமுனை போகும் 21ஜி-க்காக நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. நெடுநேரம் ஒன்றும் வராது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வரும். பலரும் இதற்கு ஓட்டுநரைத் திட்டுவார்கள். தப்பு அவருடையதல்ல. முன்னால் போகும் பேருந்து குரோம்பேட்டை சிக்னலில் இரண்டு நிமிடம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கான ஆட்களும் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறி, நடத்துநரிடம் டிக்கெட் வாங்கி, உள்ளே நகர்வதற்குள் இன்னும் கொஞ்சம் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெரிது. பின்னால் வரும் பேருந்துக்கோ ஆள் இல்லை. நிற்காமல் விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. சிறு தாமதம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இயக்கம் இது. இடையில் சில நிறுத்தங்களில் பின்வண்டியை ஓரிரு நிமிடம் பிடித்து வைத்து அனுப்பினால் இடைவெளி மீண்டும் சீராகும். கூட்டம் குறைந்த பேருந்தை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பது உள்ளே இருப்பவர்களுக்கு எரிச்சலூட்டும். ஆனால் வழியெங்கும் நிற்பவர்களுக்கு அதுதான் நன்மை.

ரயிலுக்கு இந்த நோய் குறைவு. அதற்குத் தனிப் பாதை உண்டு. டிக்கெட் ஏறும் முன்பே வாங்கியாகிவிட்டது. ஒரே நேரத்தில் பல அகலமான வாசல்களில் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். முன்னால் ரயில் நிற்கும் பகுதிக்குள் பின்னால் வரும் ரயிலை சிக்னல் விடாது.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய முதல் மின்சார ரயில் அது. அன்று கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1960-களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றப்பட்டது. ஒரே அளவு சக்தியைக் கொண்டுபோக, மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறைவாக இருந்தால் போதும். கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மின்னோட்டம் பாதியானால் இழப்பு கால்பங்காகிவிடும். மீட்டர் கேஜ் இந்தப் பாதையிலிருந்து 2004-ல் விடைபெற்றது. 2025 ஏப்ரலில் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான 12 பெட்டி ஏ.சி. மின்சார ரயிலும் இங்கே ஓடத் தொடங்கிவிட்டது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு நாணயத்தின் அளவுதான். ரப்பர் டயர் உருளும்போது நசுங்கி நசுங்கி நிமிர்வதால் சக்தி வெப்பமாகக் கரைகிறது. இரும்பில் அந்த விரயம் மிகச் சொற்பம். ஆனால் பிடிப்பும் குறைவு, சக்கரம் வழுக்கும். அதனால்தான் மின்சார ரயிலில் மோட்டார்களை ஒரே எஞ்சினில் வைக்காமல் பல பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பல சக்கரங்கள் சேர்ந்து தள்ளுவதால் சானடோரியத்திலும் குரோம்பேட்டையிலும் நின்று நின்று போனாலும் வண்டி சட்டென்று வேகம் எடுக்கிறது. பிரேக் போடும்போது புதிய ரயில்களின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் புறப்படும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளும். 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து புறப்பட்ட மின்சாரப் பேருந்துகளும் இதையே செய்கின்றன. அங்கே அது பேட்டரிக்குப் போகிறது.

வேகத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் கடலோர நகரமான ஷாங்காய் நல்ல பாடம். புடோங் விமான நிலையத்திலிருந்து அங்கே காந்த ரயில் ஓடுகிறது. மின்காந்தங்கள் வண்டியைப் பாதையிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடிக்கின்றன, சக்கரமே தேவையில்லை. மணிக்கு 431 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, 30 கிலோமீட்டரை எட்டு நிமிடத்துக்குள் கடந்த வண்டி. ஆனால் அது லாங்யாங் சாலை நிலையத்தோடு நின்றுவிடுகிறது. நகரின் நடுவுக்குப் போக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவுக்கு மாற வேண்டும். விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவுக்கே போகும் மெட்ரோவின் இரண்டாவது தடம், மெதுவாகப் போனாலும், அந்த மாற்றத்தைத் தவிர்க்கிறது.

நம்முடைய கிளாம்பாக்கத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட அந்தப் பேருந்து முனையம் 88 ஏக்கர் பரப்புடையது. மதுரை, திருநெல்வேலியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து விடியற்காலையில் அங்கு இறங்குகிறவர், இன்னொரு வண்டியைத் தேடித்தான் நகருக்குள் நுழைய வேண்டும். விமான நிலையத்தோடு நிற்கும் மெட்ரோவைக் கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கிலோமீட்டர் நீட்டும் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. தென் புறநகரின் மிக முக்கியமான தேவை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. முனையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கைக்குழந்தையோடும் மூட்டையோடும் வருகிறவர் அடுத்த வண்டிக்கு நடக்கும் தூரம்தான் அவருடைய அனுபவத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டு விருந்தினர் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டால், தாம்பரம், வண்டலூர் பக்கம் வருகிறவருக்குத் திரிசூலம் சுரங்கப்பாதையையும், அண்ணா சாலைப் பக்கம் போகிறவருக்கு மெட்ரோவையும், மாமல்லபுரம் பார்க்க விரும்புகிறவருக்குத் தாம்பரத்திலிருந்து 515 பேருந்தையும் சொல்லுங்கள். கூடவே, முடிந்தால் திரிசூலம் வரை போய் நீங்களே அழைத்து வாருங்கள்.