நிற்கும் லாரியும் ஓடும் எஞ்சினும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில், கொடைக்கானல் மலைத்தொடருக்கு வடக்கே உள்ள சமவெளியில் அமைந்த ஊர் ஒட்டன்சத்திரம். தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று இங்கே இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் விளையும் முருங்கை, தக்காளி, கத்தரி, வெண்டை முதலியன மூட்டைகளாகவும் பெட்டிகளாகவும் வந்து இறங்குகின்றன. அவற்றில் பெரும்பகுதி கேரளத்திற்குச் செல்கிறது. விடியற்காலையில் அங்குள்ள கடைத்தெருவுக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டுமானால், மாலையிலும் இரவிலும் இங்கே லாரி ஏற வேண்டும்.

பாரம் ஏற்றும் நேரத்தில் இத்தகைய சந்தை ஒன்றிற்குள் சென்று காதைத் தீட்டிக் கேளுங்கள். விலை கூறும் குரல்களுக்கு அடியில் ஓயாத ஓர் உறுமல் கேட்கும். லாரி நிற்கிறது, சக்கரம் சுழலவில்லை, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர்கள் இதனை ‘ஐடிலிங்’ என்பர். நாம் இதனை ‘வெற்றோட்டம்’ என்று அழைப்போம்.

உலகின் பல நகரங்களில் இந்த வெற்றோட்டத்திற்குச் சட்டம் நிமிடக் கணக்கில் வரம்பு கட்டியுள்ளது. நிற்கும் வண்டியைக் கண்டு சட்டம் ஏன் அஞ்சுகிறது? விடை டீசல் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

சூடு குறைந்த அடுப்பு

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் கருவி கிடையாது. உருளைக்குள் காற்று மிகப் பலமாக அமுக்கப்படுகிறது. இன்றைய லாரி எஞ்சின்களில் காற்றின் பருமன் ஏறத்தாழ 16 முதல் 20-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுவதை அறிவோம். அதே விதிப்படி அமுக்கப்பட்ட காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசுக்கும் மேலே போகிறது. அந்த வேளையில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படுகிறது, தானாகவே தீப்பற்றுகிறது.

ஆகவே, டீசல் எஞ்சின் நன்கு வேலை செய்ய வெப்பம் இன்றியமையாதது. பாரம் இழுத்து மேடேறும் லாரியில் அந்த வெப்பம் தாராளமாக உண்டு. வெற்றோட்டத்திலோ எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 600 அல்லது 700 சுற்றுகள் மட்டுமே சுற்றுகிறது. உள்ளே செல்லும் டீசல் மிகக் குறைவு. காற்று மிக அதிகம். உருளையின் சுவர் ஆறிப்போகிறது. ஈர விறகு வைத்த அடுப்பு எரியாமல் புகைவதைப் போல, டீசலின் ஒரு பகுதி முழுமையாக எரியாமல் வெளியேறுகிறது. எஞ்சியது கரியாக மாறி இன்ஜெக்டர் முனையிலும் வால்வுகளிலும் படிகிறது. இன்னும் சிறிது உருளைச் சுவர் வழியாக இறங்கி, மசகு எண்ணெயில் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. 6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்றுகள் சுற்றுவதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது தன் கொள்ளளவு காற்றை உள்ளே இழுக்கும். எனவே நிமிடத்திற்கு 300 முறை; 6 × 300 = 1,800 லிட்டர். ஒரே ஒரு லாரி, நின்ற இடத்திலேயே, நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,800 லிட்டர் காற்றை வாங்கிப் புகையாக வெளியே விடுகிறது. பத்து லாரிகள் வரிசையில் நின்றால் 18,000 லிட்டர்.

மூட்டை சுமப்பவரின் மூச்சு

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் வரை காற்றைச் சுவாசிக்கிறார். மூட்டையைத் தோளில் ஏற்றி, பலகை வழியே லாரிக்குள் நடப்பவருக்கு 40 லிட்டரோ அதற்கு மேலோ தேவைப்படும். மூக்கு போதாமல் வாயாலும் மூச்சு வாங்குவார். அதே காற்றில் ஓய்வாக நிற்பவரைவிட ஐந்தாறு மடங்கு புகை அவருடைய நுரையீரலுக்குள் செல்லும். சந்தையில் காய் தரம் பிரிக்கும் பெண்களோ மணிக்கணக்கில் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். லாரியின் புகைக்குழாய் வாய் ஏறத்தாழ அவர்கள் முகத்திற்கு நேராக இருக்கிறது.

டீசல் புகையின் கரித்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைந்தவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமனே 50 முதல் 70 மைக்ரான் வரை இருக்கும். இவ்வளவு சிறிய துகளை மூக்கின் மயிரும் சளியும் தடுக்க இயலாது. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று படிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1988-இல் டீசல் புகையை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் வைத்திருந்தது. 2012-இல் ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது’ என்ற முதல் வகைக்கே மாற்றிவிட்டது. புகையிலைப் புகையும் கல்நாரும் இருக்கும் வகை அது.

காய்கறியும் புகையை அறியும்

புகையின் பாதிப்பு மனிதரோடு நிற்பதில்லை. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதை நம் ஊர்களில் கண்டிருப்பீர்கள். மூடிய அறையில் புகையிட்டால் காய் பழுப்பது ஏன்? புகையில் எத்திலீன் என்னும் வாயு உள்ளது. பழங்கள் பழுக்கும்போது தாமே உண்டாக்கும் வாயுவும் இதுவே. 1901-இல் ருசிய அறிஞர் நெல்யூபோவ், விளக்குக்கு எரிக்கப்பட்ட வாயுவிலிருந்த எத்திலீன்தான் ஆய்வுக்கூடத்துப் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்தது என்று கண்டறிந்தார்.

டீசல் புகையிலும் எத்திலீன் உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு அளவு இருந்தாலே வெள்ளரிக்காய் விரைவில் மஞ்சளாகும், கீரை வெளுக்கும், காரட்டில் கசப்பு ஏறும், தக்காளி முன்கூட்டியே பழுக்கும். திறந்த வெளியில் காற்று இதனை அடித்துச் சென்றுவிடும். ஆனால் கொட்டகைக்குள்ளும், தார்ப்பாய் போர்த்திய லாரிக்குள்ளும் புகுந்த புகை எளிதில் வெளியேறாது. அதனால்தான் காய்கறி ஏற்றும் இடத்தில் எஞ்சினை ஓடவிடக்கூடாது என்று சேமிப்புத்துறை வல்லுநர்கள் வற்புறுத்துகிறார்கள். இரவு முழுவதும் பயணம் செய்து போகும் சரக்கு வாடி இறங்கினால், விலை குறைவது வியாபாரிக்கு. பின்னர் அதைச் சுமப்பவர் விவசாயி.

பிற நாடுகளின் சட்டம்

பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டு வாகன விதிகளே நிற்கும் வண்டியின் எஞ்சினை நிறுத்தச் சொல்கின்றன. நியூயார்க் நகரில் 3 நிமிடம்தான் வரம்பு; பள்ளிக்கூடத்தை ஒட்டிய இடத்தில் ஒரே நிமிடம். கலிபோர்னியாவில் கனரக டீசல் வண்டிகளுக்கு 5 நிமிடம். ஓட்டுநர் படுத்துறங்கும் அறை கொண்ட லாரிகளும் 2008 முதல் அங்கே இவ்வரம்புக்குள் வந்துவிட்டன. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும், போக்குவரத்து நெரிசல் தவிர்த்த காரணங்களுக்காக நிற்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது குற்றம்.

ஹாங்காங்கில் 2011 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், 60 நிமிடத்திற்குள் 3 நிமிடத்திற்கு மேல் வெற்றோட்டம் கூடாது என்கிறது. ஆனால் கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் ஓட்டுநருக்கு விலக்கு உண்டு. வெயிலில் வேகும் மனிதனையும் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

நம் நாட்டின் நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது, எஞ்சினை நிறுத்திப் பிரேக் போடாமல் வண்டியைப் பொது இடத்தில் விட்டுவைக்கக் கூடாது என்கிறது. இது வண்டி உருண்டு விபத்து நேராமல் தடுக்க எழுந்தது. புகையைக் கருதி அன்று. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆம் விதி புகையின் அளவைப் பற்றிப் பேசுகிறது. புகைச் சான்றிதழ் பெறுவது இவ்விதியின்படியே. மாசு வரம்பை மீறுவோருக்கு 190-ஆம் பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டீசல் வண்டியின் புகைச் சோதனை, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி, அப்போது வரும் புகையின் அடர்த்தியை அளப்பது. ஒரு நொடியில் எவ்வளவு கரும்புகை என்பதை அது சொல்லும். எத்தனை நிமிடம் வீணாக ஓடியது என்பதைச் சொல்லாது. சான்றிதழ் பெற்ற லாரி சந்தை வாசலில் ஒரு மணி நேரம் உறுமிக்கொண்டு நிற்கலாம்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகள் இக்குறையைத் தீர்த்துவிடாதா எனலாம். அவற்றில் யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை அழிக்கும் சாதனம் உள்ளது. அச்சாதனம் வேலை செய்யப் புகைக்குச் சுமார் 200 டிகிரி வெப்பம் வேண்டும். வெற்றோட்டத்தில் புகை அதைவிடக் குளிர்ந்திருக்கும். ஆகவே புதிய வண்டியும் நின்று ஓடும்போது தன் காவலை இழக்கிறது.

ஓட்டுநரின் நியாயம்

ஓட்டுநர்கள் வேண்டுமென்றே டீசலை எரிப்பதில்லை. பாட்டரி பலவீனமாக இருந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்ற அச்சம், வரிசை எப்போது நகரும் என்று தெரியாத நிலை, காபினுக்குள் புழுக்கம். புதிதாகத் தயாராகும் லாரிகளில் குளிர்சாதன வசதி கட்டாயமாகியுள்ளது. நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் குளிர்சாதனம் எஞ்சின் ஓடினால்தான் ஓடும் என்பதை மறக்கலாகாது.

சில நிமிட வெற்றோட்டம் தேவைதான். காற்றுப் பிரேக் உள்ள வண்டியில் புறப்படுமுன் தொட்டியில் அமுக்கம் ஏற வேண்டும். மலையேறி வந்த வண்டியின் டர்போ ஆற ஓரிரு நிமிடம் வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி, டிப்பர் போன்றவை எஞ்சின் விசையாலேயே வேலை செய்கின்றன. எந்தச் சட்டமும் இவற்றுக்கு விலக்கு அளித்தாக வேண்டும்.

ஆனால் ‘மறுபடி ஸ்டார்ட் செய்தால் டீசல் அதிகம் ஆகும்’ என்பது பிழையான நம்பிக்கை. சூடான எஞ்சினை மறுபடி இயக்க ஆகும் எரிபொருள், அரை நிமிட வெற்றோட்டத்திற்கு ஆவதைவிட அதிகம் இல்லை. நடுத்தர லாரி மணிக்கு ஒன்றரை லிட்டர் எரிப்பதாகக் கொண்டால், 40 நிமிடத்திற்கு ஒரு லிட்டர். தினம் ஒரு லிட்டர் என்றால் மாதம் 30 லிட்டர். ஒவ்வொரு லிட்டரும் எரிந்து சுமார் 2.7 கிலோ கரியமில வாயுவாகிறது. டீசல் விலையை நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு வருடத்தில் புதிய பாட்டரி வாங்கும் பணம் புகையாகப் போயிருக்கும்.

எனவே அபராதம் மட்டும் போதாது. சந்தைக்கு வரும் லாரிகளுக்கு வரிசை எண் கொடுத்து, முறை வரும்போது அழைக்கும் ஏற்பாடு. சற்றுத் தள்ளி நிறுத்துமிடம். மின்விசிறியும் குடிநீரும் உள்ள ஓய்வுக்கூடம். இவை இருந்தால் எஞ்சினை நிறுத்துவது ஓட்டுநருக்குத் தொல்லையாக இராது. அதன்பின் ‘ஐந்து நிமிடம்’ என்று பலகை வைத்தால் அதற்கு மதிப்பும் இருக்கும். பெட்ரோல் பங்கில் நாம் அனைவரும் சொல்லாமலே எஞ்சினை நிறுத்துகிறோம் அல்லவா?

மாணவர்கள் செய்து பார்க்கலாம்

மூன்று வெள்ளை அட்டைகளில் வாசலைனை மெல்லியதாகத் தடவுங்கள். ஒன்றை வீட்டு மாடியிலும், ஒன்றைப் பள்ளித் தோட்டத்திலும், ஒன்றைப் பேருந்து நிலையம் அல்லது சந்தையின் ஓரத்தில் பாதுகாப்பான இடத்திலும் ஒரு நாள் வைத்து எடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கரும்புள்ளிகள் என்று எண்ணுங்கள். கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்கள் இவை. நுரையீரலுக்குள் செல்பவை இவற்றினும் சிறியவை. அந்த மூன்றாவது அட்டை இருந்த இடத்தில் அன்றாடம் மூட்டை சுமப்பவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதையும் அட்டையின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.