போலீஸ் ஏலத்துல ஸ்போர்ட்ஸ் கார்: ஏலத்தொகை வேற, கார் விலை வேற!

மதுவிலக்கு வழக்குல பிடிச்ச வண்டிகளை மாவட்ட போலீஸ் அப்பப்போ பொது ஏலம் விடுறாங்க. குருபரப்பள்ளி சிப்காட்ல சம்பளம் வாங்குற உங்களுக்கு, 2 லட்சத்துக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்னா கை துறுதுறுங்கும். முதல்ல இந்த மாதிரிக் கணக்கைப் பாருங்க:

• ஏலத்தொகை: ரூ.2,00,000
• ஜி.எஸ்.டி. (18% என்று வைத்தால்): ரூ.36,000
• மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (1,500 சிசிக்கு மேல்): சுமார் ரூ.9,300
• 15 வருஷம் தாண்டி 20 வருஷத்துக்குள்ள இருந்தா ஆர்.சி. புதுப்பிக்க: ரூ.5,000

மொத்தம் ரூ.2,50,300. டயர், பேட்டரி, மெக்கானிக் கூலி இன்னும் சேரல. வெயில்லயும் மழையிலயும் நின்ன வண்டியை 'உள்ளது உள்ளபடி'தான் தருவாங்க, வாரண்டி கிடையாது.

அடுத்தது பேப்பர். ஏல உத்தரவு நகல், விற்பனைச் சான்று ரெண்டையும் கேட்டு வாங்குங்க. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள்ள படிவம் 32-ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விண்ணப்பிக்கணும். நம்மது பார்டர் ஏரியா. கர்நாடகா நம்பர் வண்டின்னா அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே சாலை வரின்னு தனிச் செலவு.

அதனால பின்னாலிருந்து கணக்குப் போடுங்க. கையில 3 லட்சம், ரிப்பேருக்கு 1 லட்சம்னா, உங்க உச்ச ஏலத்தொகை சுமார் ரூ.1.57 லட்சம்தான். அதுக்கு மேல யாராவது கேட்டா, விட்டுடுங்க. பர்சனல் லோன் போட்டுத் துரத்தாதீங்க.